புகை அடங்கின பிறகு

மத்திய சிறை, மதுரை
2-9-2024

அன்புத் தங்கச்சி செல்வலட்சுமிக்கு அண்ணன் சோலைச்சாமி எழுதுவது.

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இங்கே வாரத்துக்கு ஒருமுறை போன் பேச விடுகிறார்கள். உன் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் கடிதம். கிழிப்பதென்றாலும் கையில் வாங்கித்தானே கிழிக்க வேண்டும்.

உன் புருஷன் நாகையாவை நான் அடித்தேன். போலீஸ் சொன்னது, ஊர் சொன்னது எல்லாம் உன் காதுக்கு வந்திருக்கும். நான் சொல்ல வேண்டியதை இதில் எழுதிவிடுகிறேன்.

நம் சூளை இருக்கிற இடம் உனக்குத் தெரியும். புஸ்வாணத்துக்கு மண் சட்டி சுடுகிறோம், நாலு வயல் தாண்டினால் பட்டாசு கம்பெனி. வைகாசியில் காற்றடித்த ஒரு நாள் சூளைப் பொறி பறந்து அவர்கள் வேலியோரப் புல் பற்றிக்கொண்டது. நம் சூளை மொதலாளி பெத்தணன் என்னைக் கூப்பிட்டு, “ஏலே மேஸ்திரி, இனி ஒரு பொறி வெளிய போச்சு, ஒன்னயத் தூக்கி சூளைக்குள்ள போட்டுருவேன்” என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் செய்திருப்பேன். முன்னே ஒருமுறை பட்டாசு கம்பெனி வெடித்த இடத்தில் கையையும் காலையும் சாக்கில் பொறுக்கிப் போட்டவன் நான். சூளைக் கொட்டகையின் ஜன்னல், கூரைச் சந்து, பின்கதவு எல்லாவற்றுக்கும் என் கையாலேயே தகரம் வைத்து ஆணி அடித்தேன். பின்பக்கம் சாம்பல் தள்ளுகிற சின்ன வழி ஒன்றுதான் மிச்சம். முன்வாசல் தகரக் கதவு காற்றில் திறந்துகொள்ளாமல் இருக்க வெளியே ஒரு கொண்டி போட்டேன். உள்ளே ஆள் வேலை பார்த்தாலும் கொண்டி விழுந்திருக்கும்.

அவன் செத்த அன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும். வாசலுக்கு எதிரே ஆட்களை வைத்து விறகு இறக்கிக்கொண்டிருந்தேன். நாகையா கொட்டகையின் பக்கவாட்டிலிருந்து வந்தான். கால் பின்னுகிறது, வாயோரம் எச்சில் வழிகிறது, மூஞ்சி செக்கச் சிவந்து கிடக்கிறது. வந்தவன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து “மச்சான், தொர… தொர…” என்றான். விறகு இறக்கியவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் மேஸ்திரி ஆனதிலிருந்து அவன் என்னைத் ‘தொரை’ என்று கேலி பேசுவது உனக்கே தெரியும். தீ எரிகிற இடத்துக்குக் குடித்துவிட்டு வந்ததும் இல்லாமல், அத்தனை பேர் முன்னால் கேலியா என்று எனக்குக் கண் இருட்டிவிட்டது.

கருவேல விறகு கையில் இருந்தது. முதல் அடி தோளில். அப்போதும் “தொர” என்றான். அடுத்தது முதுகில். விழுந்தவன் எழுந்து என் காலைக் கட்டினான். மல்லுக்கு வருகிறான் என்று நினைத்தேன். பிறகு விழுந்த இரண்டும் தலையில். நான் நிறுத்தியபோது விறகில் முடி ஒட்டியிருந்தது.

குடியை விட்டு இரண்டு வருஷம் ஆச்சு என்று உன்னைப் போல நானும் நம்பினேன். அன்றைக்கு மட்டும் அவன் ஏன் குடித்தான், செல்வம்?

உன் அண்ணன்,
சோலைச்சாமி


ஏழாயிரம்பண்ணை
19-9-2024

சோலைச்சாமிக்கு,

அன்புள்ள என்று பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே பார். 

கடிதத்தைக் கிழிக்கவில்லை. நாலு தடவை படித்தேன். விறகில் முடி ஒட்டியிருந்ததை எனக்கு எழுத உனக்குக் கை வந்ததே, அதைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. பிள்ளை அழகுமீனா “மாமா என்ன எழுதியிருக்காக?” என்று கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்ல? மழை பெய்கிறதாம் என்றேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். அவர் குடிக்கவில்லை. பிணவறையில் எல்லாரையும் தள்ளிவிட்டுக் குனிந்து அவர் வாயில் என் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். அங்கே இருந்த ஆள் “ஏம்மா, பைத்தியமா?” என்று என் தோளைப் பிடித்து இழுத்தான். ரத்தம் வாடை வந்தது, கரி வாடை வந்தது. சாராய வாடை துளி இல்லை. பத்து வருஷம் அந்த வாடையோடு படுத்தவளுக்குத் தெரியாதா? மண்டை பிளந்து கிடந்த மனுஷன் கன்னம் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிவந்திருந்தது. அதைக் காட்டித்தான் “பாரு, குடிச்ச செவப்பு இன்னும் எறங்கல” என்று உன் சேக்காளிகள் பேசினார்கள்.

இப்போது ஊரில் எனக்குப் பெயர் குடிகாரன் பொண்டாட்டி. குடிகாரனை மச்சினன் கண்டித்தான், கை தவறிவிட்டது, அவ்வளவுதான் கதை. உன்னைப் பார்த்து இரக்கப்படுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். அவர் குடிக்காமல் செத்தார் என்று இந்த ஊர் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அதற்காகத்தான் நான் அந்தச் சூளைக்கே வேலைக்குப் போகிறேன். ஆமாம், அதே சூளைக்கு. புருஷன் ரத்தம் காயாத இடத்துக்குப் போகிறாளே என்று காறித் துப்பினார்கள். துப்பட்டும். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒருத்தராவது வாய் திறக்காமலா போவார்கள்?

இதுவரை யாரும் திறக்கவில்லை. சட்டி அடுக்குகிற ராக்காயி என்னைக் கண்டால் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டு போகிறாள். உன் இடத்துக்குக் காமராஜ் என்று ஒருவன் வந்திருக்கிறான். ஆளை அடிப்பதில் உனக்கு மேல் கைநீளம்.

போன நாலு நாளாக உச்சியில் ஆணி அடித்த மாதிரி தலைவலி. அழுததனால் இருக்கும்.

செல்வலட்சுமி


மத்திய சிறை, மதுரை
6-10-2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ பதில் போட்டதே எனக்குப் பெரிது. திட்டித்தான் எழுதியிருந்தாய், திட்டட்டும் என்றுதான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இங்கே எனக்கு ஒரு பல் போய்விட்டது. என்ன கேஸ் என்று பக்கத்து ஆள் கேட்டான். தங்கச்சி புருஷன் என்றேன். சாப்பாட்டுத் தட்டாலேயே தாடையில் அறைந்தான். நான் கை ஓங்கவில்லை. ஓங்க முடியவில்லை, கை தானாக இறங்கிக்கொள்கிறது.

அவன் குடிக்கவில்லை என்கிறாய். உன் மனசு அப்படி நினைக்கத்தான் செய்யும். என் கண்ணால் பார்த்ததை நான் என்ன செய்ய?

சூளைக்குப் போக வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்கப் போவதில்லை. பட்டாசு கம்பெனிக்குப் போய் மருந்துக்குள் உட்காருவதற்கு இது தேவலை. ஆனால் நான் வைத்த முறைப்படி வேலை செய். புகை இருக்கும்போது உள்ளே போகாதே. புகை அடங்கி, தணல் மட்டும் சிவப்பாகக் கிடக்கும், அப்போது போ. அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாது. கதவை ஒருக்களித்துக்கூட வைக்க விடாதே, பொறிக்குக் கண் கிடையாது. தலைவலி பட்டாசு மருந்துத் தூசியால் வருவது. காற்றில் அந்தப் பக்கமிருந்து வரும், எனக்கும் வந்திருக்கிறது. சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் குடி.

பிள்ளைக்கு மழை இங்கேயும் பெய்கிறது என்று சொல்.

அண்ணன்


ஏழாயிரம்பண்ணை
26-10-2024

சோலைச்சாமிக்கு,

சுக்கும் கருப்பட்டியும் குடித்துக் குடித்து வயிறு எரிகிறது. தலைவலி போகவில்லை.

ஒன்று கவனித்தேன், சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சூளை லீவு. அன்றைக்கு மத்தியானத்துக்குள் தலைவலி தானாகவே விட்டுவிடுகிறது. திங்கள்கிழமை உள்ளே போன அரைமணி நேரத்தில் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. பட்டாசுக் கம்பெனி காற்று என்கிறாய். அப்படியென்றால் வீட்டுக்கும் அந்தக் காற்றுதானே வருகிறது? கம்பெனிக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் யாருக்கும் தலைவலி இல்லை. விசாரித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். கார்த்திகை ஆர்டருக்கு அகல் விளக்கு சுட்டு, நீ சொன்ன மாதிரியே புகை அடங்கின பிறகுதான் மாரித்தாய் உள்ளே போனாள். அவளை உனக்குத் தெரியும், எந்தக் கூட்டத்திலும் முதல் ஆளாகப் பேசுகிறவள். வெளியே வரும்போது வார்த்தை குழறுகிறது. சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிறாள். வாந்தி எடுத்தாள். காமராஜ் அவள் கொண்டையைப் பிடித்துத் தூக்கி, “என்னடி தள்ளாடுத, ஊத்திக்கிட்டு வந்தியா?” என்று நாலு பேர் முன்னால் கன்னத்தில் விட்டான். உதடு கிழிந்து ரத்தம் மார்பில் வடிந்தது. அவளுக்கு அடிபட்டதுகூடத் தெரியவில்லை. சிரித்தாள்.

மாரித்தாய் இன்றைக்கு வரைக்கும் கள் வாடைகூடப் பார்த்ததில்லை. கால் பின்னியது, நாக்குக் குழறியது, மூஞ்சி சிவந்தது. நீ எழுதியிருந்ததை எடுத்துத் திரும்பப் படித்தேன். எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது.

உள்ளே ஏதோ இருக்கிறது. என்னவென்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் ஒளிக்காமல் எழுது. இதையாவது செய்.

செல்வலட்சுமி


மத்திய சிறை, மதுரை
20-11-2024

செல்வம்,

இதைப் படிக்கிற நிமிஷத்திலிருந்து அந்தக் கொட்டகைக்குள் காலை வைக்காதே. யாரையும் வைக்க விடாதே. மீதியை அப்புறம் படி.

எனக்குச் சர்க்காரில் கொடுத்த வக்கீலம்மா யோகேஸ்வரி நேற்று வந்தார்கள். குற்றப்பத்திரிகையோடு நாகையாவின் பரிசோதனை ரிப்போர்ட்டும் வந்திருக்கிறது. மது இல்லை என்று எழுதியிருக்கிறதாம். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு நிறைய இருந்ததாம். அப்படி என்றால் என்னவென்று கேட்டேன். போதிய காற்று இல்லாமல் தீ கனன்றால் உண்டாகிற ஒரு வாயுவாம். வாடை கிடையாது, நிறம் கிடையாது, கண் கரிக்காது. ரத்தத்தில் காற்று உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளுமாம். தலை வலிக்கும், வாந்தி வரும், கால் பின்னும், பேச்சுக் குழறும். அந்தச் சிவப்பும் அதனால்தான் என்றார்கள்.

புகை அடங்கினால் போதும் என்று நான் முறை வைத்தேனே, அப்போதுதான் உள்ளே அது கூடுதல். தணலிலிருந்துதான் வருகிறது. நம் பக்கம் விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போடுகிறவன் எவனாவது மூட்டத்தை நாலு சுவருக்குள் போட்டிருக்கிறானா? வெட்டவெளியில்தானே போடுகிறான். அது தெரிந்திருந்தும் நான் மூட்டத்தைத் தகரத்துக்குள் வைத்து அடைத்தேன். பொறிக்குப் பயந்தேன், சத்தத்துக்குப் பயந்தேன். சத்தமே போடாத ஒன்று ஆளைக் கொல்லும் என்று இந்த ஊரில் எனக்கு யார் சொன்னார்கள்?

நீ சொன்னது சரி. அவன் குடிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

இன்னொன்று. நாகையா புகையால்தான் செத்தான் என்று வாதாடலாம் என்கிறார்கள் வக்கீலம்மா. கொட்டகை அடைத்திருந்தது, உள்ளே போனவர்களுக்கெல்லாம் இப்படி வந்தது என்று நீ சாட்சி சொன்னால் கோர்ட் நம்புமாம். செத்தவன் பெண்சாதியே சொல்வதல்லவா. யோசித்துப் பார்த்தால் அது உண்மையும்தானே? அவன் ஏற்கெனவே பாதி செத்துத்தான் வந்தான். என் அடியால் போன உயிர் இல்லை அது. இதை நினைத்த பிறகுதான் நேற்று எனக்குத் தூக்கம் வந்தது.

வருவாயா?

அண்ணன்


ஏழாயிரம்பண்ணை
9-12-2024

சோலைச்சாமிக்கு,

உன் கடிதம் நவம்பர் இருபத்தெட்டில், வேலை விட்டு வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. மறுநாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சூளைக்குப் போனேன். பேருந்து தாமதம். நான் போனபோது மழைத் தூறல், புகை அடங்கியிருந்தது, உள்ளே ஆள் போயாச்சு, கொண்டி போட்டாச்சு. மாரித்தாய், ராக்காயி, சாத்தூரிலிருந்து புதிதாக வருகிற ஒரு பெண், மூன்று பேர்.

“கதவத் தொறங்க” என்றேன். காமராஜ், “மழைத்தண்ணி உள்ள போனா சட்டி வெடிக்கும், போ அங்கிட்டு” என்றான். “உள்ள வெசக்காத்து இருக்கு, எங்க வீட்டுக்காரர் அதுலதான் தள்ளாடுனாரு, ரிப்போர்ட்டே வந்துருச்சு” என்று கத்தினேன். நான் கொண்டிக்குக் கை நீட்டியதும் முடியைப் பிடித்துச் சுழற்றித் தரையில் அடித்தான். முழங்கையில் எலும்பு தெரிந்தது. வயிற்றில் உதைத்தான். விறகு ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், உன் காலத்தில் நின்ற அதே ஆட்கள்.

சுவரோரம் கடப்பாரை கிடந்தது. எடுத்தேன். முதல் போடு அவன் மணிக்கட்டில். ஓசை கேட்டது, அவன் மண்டிபோட்டான். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். இன்னொன்று போட மனசு துடித்தது. உன் ரத்தம்தானே எனக்கும் ஓடுகிறது. ஓங்கினது ஓங்கினபடி நின்றேன். அப்புறம் திரும்பி நீ அடித்த தகரத்தில் இறக்கினேன். ஒவ்வொரு ஆணியாகப் பிய்ந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஆண்பிள்ளைகளுக்குக் கை கால் வந்தது, கொண்டியை எடுத்தார்கள்.

மூன்று பேரும் அகல் விளக்கு மேலேயே விழுந்து கிடந்தார்கள். மாரித்தாய் முழங்கை தணலில் கிடந்து தோல் உரிந்திருந்தது, அவளுக்கு உணர்வில்லை. காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து மழையில் போட்டோம். சாத்தூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் காற்றுக்குழாய் வைத்தார்கள்.

மறுநாள் ராக்காயி மூக்குக் குழாயோடு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஒம் புருசன நான்தான் கொன்னேன்” என்றாள். அன்றைக்கு அவளும் அவரும்தான் கொட்டகைக்குள் இருந்தார்களாம். அவள் முதலில் விழுந்துவிட்டாள். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தாராம், விறகு இறக்குகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவளைச் சாம்பல் தள்ளுகிற வழியாக இழுத்து வெளியே போட்டிருக்கிறார். “அப்படியே கெட, மச்சான கதவத் தொறந்து காத்து விடச் சொல்லிட்டு வாரேன், இல்லன்னா வேற யாராச்சும் உள்ள போயி விழுந்துருவாக” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவள் எழுந்து வந்து பார்த்தபோது நீ விறகைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். ஓடிவிட்டாள். பிறகு பெத்தணன் ஆள் வந்து, வாயைத் திறந்தால் அவள் மகனையும் இதே மாதிரி அடிப்போம் என்று சொல்லியிருக்கிறான்.

அவர் உன்னைக் கேலி பண்ணவில்லை. ‘தொரை’ என்று கூப்பிடவில்லை. ‘தொற’ என்றார். கதவைத் திற என்றார். நாலு அடிக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார், கடைசியில் காலைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்.

போன திங்கள்கிழமை மாரித்தாயையும் ராக்காயியையும் கூட்டிக்கொண்டு சூலக்கரைக்குப் போய் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். பெத்தணனைப் போலீஸ் தேடுகிறது. காமராஜ் மணிக்கட்டுக்கு என் மேலும் கேஸ் இருக்கிறது, இருக்கட்டும். பஸ்ஸில் ராக்காயி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள், நாகையா குடிக்கவில்லை என்று. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இனி உன் கேள்வி. கோர்ட்டுக்கு வருகிறேன். கொட்டகை அடைத்திருந்தது என்பேன். அடைக்கச் சொன்னது பெத்தணன், அடைத்தது நீ என்பேன். உள்ளே விஷக்காற்று இருந்தது என்பேன். புகையால் செத்தார் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

மாரித்தாய்க்குக் காற்றுக்குழாயை எடுத்தபோது டாக்டரிடம் கேட்டேன். வெளியே இழுத்துப் போட்டதால் பிழைத்தார்கள், இன்னும் பத்து நிமிஷம் உள்ளே கிடந்திருந்தால் இல்லை என்றார். அன்றைக்கு மழையில் போட்ட மூன்று பேரும் அரைமணி நேரத்தில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்கள். அந்தப் புதுப் பெண் நடந்தே ஆம்புலன்சில் ஏறினாள்.

அவரும் வெளியே வந்துவிட்டார், அண்ணே. தன் காலால் நடந்து வந்து, நல்ல காற்றில், உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன்னிடம் வந்து சேர்ந்தபோது அவர் பிழைத்துவிட்டிருந்தார்.

இனி எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.

நாகையா மனைவி
செல்வலட்சுமி